தட்டிப் பார்க்காத சக்கரம்

இன்று காலை என் மகள் பாப்பா காரின் பின்பக்கத்தைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினாள். அடியிலிருந்து பழைய கிரீஸும் ரப்பரும் கலந்த வாடை வந்தது. பட்டறையில் நாம் சேர்ந்து வேலை செய்த நாளில் உன் சட்டையில் அடித்த வாடை. எடுத்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

பாப்பாவுக்கு இப்போது இருபத்து நாலு வயது. வேலைக்குப் போய்வரும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர்ப் பக்கம் டிராக் ரேஸுக்குக் கொண்டுபோகிறாள். முதல் தடவை. நேராக ஒரே ஓட்டம், கால் மைல். நான் பத்தாவது கணக்குப் பரீட்சையில் விடை தெரிந்ததை எழுதிய நேரத்துக்குள் முடிந்துவிடும். பாரம் குறையட்டும் என்று ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, பின்சீட்டு எல்லாவற்றையும் இறக்கினாள். என் தொப்பையையும் ஒருமுறை பார்த்தாள். “நா வண்டிக்குள்ள வரலீங்க சாமி” என்றேன்.

பேட்டரியை இறுக்கிக் கட்டினோம், டயருக்குக் காற்றுப் பார்த்தோம். சக்கர நட்டுகளை நான் முறுக்கினேன். பழக்க தோஷத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நிற்கப் போனேன். இது லாரி இல்லை என்று இறக்கிவிட்டாள். அப்புறம் நானே சுத்தியலை எடுத்துத் தட்டப் போனபோது உன் குரல் கேட்டது.

“முறுக்குன கையே தட்டக் கூடாது மாப்ள. அது தன்னை நல்லவன்னுதாஞ் சொல்லும்.”

நாமக்கல் பட்டறையில் பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. நம் இருவரில் ஒருவன் முறுக்குவான், மற்றவன் ஒவ்வொரு நட்டாகத் தட்டிச் சத்தம் கேட்பான். இறுகிய நட்டு கணீரென்னும், தளர்ந்தது மொத்தென்னும். நீ கடைசியாக லாரி எடுத்த அன்றைக்கு, முறுக்கிவிட்டுக் கை கழுவப் போனாய். எனக்குப் பசி. எதிர்க் கடையில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்து, “தட்டியாச்சு, எடு” என்றேன். நீ நம்பி ஏறினாய்.

மல்லசமுத்திரம் தாண்டி லாரி கவிழ்ந்து கிடந்தது, உள்ளே நீ உயிரோடு இல்லை. ஆடு குறுக்கே வந்தது என்றார்கள், நீ கண்ணயர்ந்துவிட்டாய் என்றார்கள். முன்சக்கரம் ஒன்று தனியாகக் காட்டுக்குள் கிடந்தது. விழுந்த வேகத்தில் கழன்றது என்றார்கள். இருக்கலாம். தட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

சுத்தியலைப் பாப்பாவிடம் கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து தட்டிக்கொண்டே வந்தவள் மூன்றாவது சக்கரத்தில் நின்றாள்.

“அப்பா, இது மொத்துங்குதுங்க.”

நான் முறுக்கிய நட்டு. யார் கேட்டாலும் இறுகியதுதான் என்று சத்தியம் செய்திருப்பேன். ஸ்பேனரை அவளே வாங்கி இறுக்கினாள். அப்போதுதான், நீ போன பிறகு முதல் தடவையாக, அன்று நான் தட்டவில்லை என்பதை ஒரு ஆளிடம் சொன்னேன்.

அவள் நாலாவது சக்கரத்தையும் தட்டி முடித்தாள். “அத்தைகிட்டச் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அத்தை என்றது உன் மனைவியை, என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவளை. ஒரு நோம்பி, பண்டிகைக்கும் எனக்கு வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிடாமல் இருந்ததில்லை. ‘அவரு உங்களைத்தான் நம்புவாரு’ என்று அவள் சொல்லும்போதெல்லாம், கச்சாயம் அருமை என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மேச்சேரிக்கு, உன் வீட்டுக்கு வாரேன். பாப்பாதான் ஓட்டுகிறாள். வாசலில் பார்த்ததும் உன் மனைவி சாப்பிட்டீர்களா என்பாள், கேட்டுக்கொண்டே இலையைப் போடுவாள். அந்த வீட்டுச் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.