கடலைப் பார்க்காத அறை

எத்தோரே,

அடுப்பில் ஃபரினாத்தா அடை இருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. சாவி கீழ்வீட்டில்.

நேற்று நீ, "கப்பலுக்கு நடுவுல, கீழ்த்தளத்துல, சன்னல் இல்லாத அறை போதும்டி. ஆட்டமும் கம்மி, விலையும் பாதி" என்றாய். "கஞ்சப் பிசினாறி, பெட்டிக்குள்ள படுக்கவா நான் கப்பல் ஏறணும்?" என்று கத்திவிட்டு, வீம்புக்கு மேல்தளத்தில் பால்கனி அறையைப் பதிவு செய்தேன்.

காலையில் உன் அக்கா இல்வா ஃபோன் செய்தாள். "எங்க சின்னத் தம்பிய எத்தோரே கண்ணு முன்னாலதான் கடல் கொண்டுபோச்சு. அதுலேர்ந்து கடலை ஏறெடுத்தே பாக்கமாட்டான். உன் ஆசைக்காகத்தான் கப்பலுக்கே ஒத்துக்கிட்டான்" என்றாள். நீ ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ஜெனோவாவில் இருக்கும் கப்பல் அலுவலகத்துக்குப் போகிறேன்.

ஒர்னெல்லா

பி.கு.: மாற்ற முடியாது என்றால் திரையை இழுத்து மூடிவிடலாம். பால்கனிப் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன்.