ராசியில்லாத கோச்சுக்கு இரண்டு விசில்

கீரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அந்த மஸ்கட் வெயிலில் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேஸ்கட்பால் என்று நான் வாயெடுத்தாலே சரிப்பா வச்சிர்றேன் என்று கட் பண்ணிவிடுகிறாய், கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாதல்லவா. நம் தெருக் கோபிநாத் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் முறுக்கு டின்னோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பழைய காலேஜ் தாளாளர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது இருக்கிற கோச் சென்னைக்குப் போகிறாராம், ஜூனிலிருந்து நீ திரும்ப வரவேண்டும் என்று உனக்குப் போன் செய்தாராம், நீயோ, எனக்கு ராசி இல்ல சார், வேற ஆளப் பாருங்க என்று சொல்லிவிட்டாயாம். இந்த வருஷம் கப் அடிச்சது புது சாரோட ராசி என்றும் சொன்னாயாம். மூன்று வருஷம் பிள்ளைகளை ஃபைனலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்றிலும் தோற்றதற்காக உன்னை வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரலாமா ஆத்தா. நான் கண்ணால் பார்த்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் சொல் ராசியைப் பற்றி.

நீ போனதிலிருந்து என் பஸ்ஸில் உன் பேச்சு இல்லாத டிரிப் கிடையாது. கீரமங்கலத்தில் ஏறினால் ஆலங்குடி வரைக்கும் நீதான். சிமெண்டுக்கடை ஆத்மநாதன் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த காவ்யாப் புள்ளையாலதான் டீம் பைனல் வரைக்கும் வந்துச்சு, அந்த மேடம் ராசியாலதான் தோத்துச்சு என்பார். வாழ்க்கையில் பந்தைக் கையால் தொட்டதில்லை மனுஷன், ஆனால் ஒரு மேட்சை விட்டதும் இல்லை. ஜெயித்தால் காவ்யா, தோற்றால் நீ, நல்ல கணக்கு. பூ வியாபாரம் பார்க்கிற சந்தனமேரி மட்டும் விடமாட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டே, அந்தக் காவ்யா மொதல்ல வந்தப்ப பந்தப் புடிக்கவே தெரியாதுண்ணே, அதைக் கத்துக்குடுத்தது யாரு, ஒங்க சிமெண்டு மூட்டையா என்று கேட்பார். பின் சீட்டுக் காலேஜ் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவார்கள். நீ இனிமேல் எந்த டீமுக்கும் கோச்சாக வரமாட்டாய் என்று ஒரு கட்சி, வேறு காலேஜுக்குப் போய் நம்மையே தோற்கடிப்பாய் என்று ஒரு கட்சி. நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே நிற்பேன். பெற்றவன் நடுவில் புகுந்து பேசினால் எடுபடுமா. ஆத்மநாதனுக்கு மட்டும் சில்லறை பாக்கியைக் கடைசி ஸ்டாப்பில்தான் கொடுப்பேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்த வருஷம் காவ்யா ரயில்வே வேலைக்குப் போய்விட்டாள், அவள் இல்லாமலே டீம் ஃபைனலுக்கு வந்தது. புதுக்கோட்டையில் மேட்ச். வண்டி அந்த ஊர் ஸ்டாண்டில் நிற்கிற நேரமாகப் பார்த்து, அடுத்த டிரிப்பை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு, காக்கிச் சட்டையோடே போய் உட்கார்ந்துவிட்டேன். எதிர் டீம் திருச்சிப் பிள்ளைகள், ஒவ்வொன்றும் தென்னைமர உயரம். பாதி ஆட்டத்தில் நம் பிள்ளைகள் நன்றாகப் பின்தங்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஆத்மநாதன், டீமுக்குப் பேஸ்மெண்டு போட்ட ஆளோட ராசி விடாதுப்பா என்று ஆரம்பித்துவிட்டார். கேட்க முடியாமல் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனேன். போகிற வழியில்தான் நம் பிள்ளைகள் இருந்த பெஞ்சு. புது சார் பலகையில் கோடு போட்டு விளக்குகிறார், ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை, கேப்டன் ஹரிணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதிவிட்டேன்.

அது என்ன என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சின்னப் பிள்ளையில் என் பஸ்ஸில் உட்கார்ந்து நீ கற்றுக்கொண்டதுதானே, ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். அதையே நீ கிரவுண்டில் வைத்துப் பழக்கினாய், ஒன்று ஊதினால் நின்ற இடத்தில் நில், இரண்டு ஊதினால் ஓடு என்று. விசில் சத்தம் கேட்டதும் அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தது பிரகதி. ஹரிணி துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரெஃப்ரி ஓடிவந்து, யோவ் கண்டக்டரு, இது பஸ்ஸ்டாண்டா என்று திட்டி என்னை மேலே விரட்டிவிட்டார், நியாயம்தான்.

என் விசிலால் ஜெயித்தார்கள் என்று சொல்லவரவில்லை, அவ்வளவு கர்வம் எனக்கு இல்லை. ஆனால் அப்புறம் நான் பார்த்தது உன் ஆட்டம். பந்தைப் போட்டுவிட்டு விழுமா விழாதா என்று நின்று பார்க்காதே, திரும்பி ஓடு என்று நீ தொண்டை கிழியக் கத்துவாயே, அந்தக் கத்தல் அத்தனை கால்களிலும் இருந்தது. கூடையில் விழுந்தாலும் ஓடினார்கள், விழாவிட்டாலும் ஓடினார்கள். கடைசியில் திருச்சிப் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார்கள், நம் பிள்ளைகள் இன்னும் ஓடுகிறார்கள். ஒருத்தி இல்லை, ஆளாளுக்கு வந்து கூடையில் போட்டார்கள். ஆட்டம் முடிந்தபோது நாம்தான் முன்னால் நின்றோம். ஆத்மநாதன் நாற்காலி மேல் ஏறித் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

புது சார் நல்ல மனுஷன். கப்பை வாங்கிவிட்டு மைக்கில் அவரே சொன்னார், சமைச்சு வச்சிட்டுப் போனது பிரகதி மேடம், நான் எலை போட்டுப் பரிமாறினேன், அவ்வளவுதான் என்று. இதை உனக்கு யாரும் வாட்ஸப்பில் அனுப்பவில்லை, கப்பின் போட்டோவை மட்டும் அனுப்பினார்கள். அதனால்தான் நீ அவர் ராசி, இவர் ராசி என்று பேசிக்கொண்டிருக்கிறாய்.

மறுநாள் பஸ்ஸைக் கேட்காதே. ஆத்மநாதன் ஏறியதும் சந்தனமேரி, என்னண்ணே, ராசி எங்கிட்டு எறங்கிப் போச்சு என்று கேட்க வண்டியே சிரித்தது. அவர் கொஞ்சமும் கூசாமல், நான் அப்பவே சொன்னேன், அந்த மேடம் போட்ட பேஸ்மெண்டுன்னு என்றார். உன் அம்மா அமுதவல்லி அதற்கும் மேலே. நம் சொந்தக்காரி ஒருத்தி வளைகாப்புப் பந்தலில் ராசியில்லாதவளைப் பெத்தவ என்று காதுபட முனகியதிலிருந்து இவள் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். ஜெயித்த மறுநாள் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அந்தச் சொந்தக்காரி வீட்டுக்கே போய்க் கருவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நம் கொல்லையில் இரண்டு மரம் நிற்கிறது.

வருவதும் அங்கேயே இருப்பதும் உன் இஷ்டம் ஆத்தா, அதில் நான் வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். மஸ்கட் பிடித்திருக்கிறது என்று சொல், சம்பளம் பத்தாது என்று சொல், அந்தத் தாளாளர் மூஞ்சியே பிடிக்கவில்லை என்றுகூடச் சொல், ஒத்துக்கொள்கிறேன். ராசி என்று மட்டும் சொல்லாதே. பஸ்ஸில் இப்போது நீ நல்ல கோச்சா என்று யாரும் விவாதம் பண்ணுவதில்லை, எப்ப வாராங்க என்றுதான் கேட்கிறார்கள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ராத்திரி சோற்றைத் தள்ளாதே. கொப்புடையம்மன் துணையில் நீ நினைத்ததெல்லாம் நடக்கும், நூறு வயது நன்றாக இரு. முறுக்கு டின்னின் அடியில் துணியில் சுற்றி என் விசிலை வைத்திருக்கிறேன், நான் வேறு வாங்கிக்கொண்டேன். அதை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடாதே. நாளைக் காலையில் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை கிரவுண்டில் நிற்கவைத்து இரண்டு தரம் ஊது.

இப்படிக்கு,
ராசிக்காரியைப் பெற்றவன்,
உன் அப்பா நாகராசு.