பின்சீட்டின் அடித்தகடு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாவின் அதே பழைய பியட். அதே 4417. தொண்ணூற்றொன்பதில் அப்பா இதைக் கருவேப்பிலங்குறிச்சி பழமலையிடம் விற்றபோது நான் சேலத்தில் இருந்தேன், முதல் வேலை. கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லையே என்ற குறை இருபத்தாறு வருஷம் கழித்து இன்றைக்குத் தீர்ந்தது.

பழமலைக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் சரியில்லை, இனி ஓட்ட முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டு, பானெட்டின் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நானே ஸ்டார்ட் பண்ணினபிறகுதான் எடுத்தார்.

மோகனப்பிரியா வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயதில் மற்ற ஆம்பளைகள் புது வண்டி வாங்குகிறார்கள், நீங்கள் உங்கள் அப்பாவையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றாள். சொல்லட்டும். என் பெண்டாட்டிக்கு வாய் மட்டும் ஓய்வதில்லை.

பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். இடது ஜன்னல் என்னுடையது, வலது ஜன்னல் அக்காவுடையது. மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அப்பா முன்னாலிருந்து "தண்ணி" என்பார். உடனே நாங்கள் இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பிந்தினவர் தோற்றவர். எப்போதும் நான்தான் தோற்பேன். என்ன விளையாட்டு அது! வேறு எந்த வீட்டுப் பிள்ளைகளும் அதை விளையாடினதாகத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். மாசி மகத்துக்கு இந்த வண்டியிலேயே வந்து உன்னைக் கூட்டிவருகிறேன் என்றேன். அப்பா போனபிறகு அவள் மகத்துக்கு வந்ததே இல்லை. "அந்த வண்டியா? அது இன்னுமா இருக்குது?" என்றாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த சந்தோஷம் குரலில் இல்லை. முட்டிவலியாக இருக்கும்.

ஜனவரி 20

பள்ளிக்கூடம் கிளம்புமுன் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். நிற்கிறது.

ஜனவரி 26

கொடியேற்றிவிட்டு வந்து மோகனப்பிரியாவை மங்கலம்பேட்டை வரை கூட்டிப்போகலாம் என்று கிளப்பினேன். முன்கதவு திறக்க மாட்டேன் என்றது, பின்பக்கம் ஏறினாள். தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டில் கால் வைத்ததுதான் தெரியும், கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. செருப்பு தெருவில் கிடக்கிறது. முதலில் சிரித்தாள். பிறகு ரத்தத்தைப் பார்த்தாள். ஊசி போட்டுக் கூட்டிவந்தேன்.

மேட்டைத் தூக்கினால் தார்ப்பூச்சு, அதன் நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் எங்கள் தெரு.

இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். இரும்பு, ஈரம், காற்று, துரு. இதைக் கரும்பலகையில் எழுதாத வருஷம் கிடையாது. வாங்கும்போது ஒருதரம் குனிந்து பார்க்கத் தோன்றியதா எனக்கு? ஹாரன் பழைய மாதிரியே அடிக்கிறதா என்று பார்த்தேன். ஹாரனை!

ஜனவரி 29

ஜங்ஷன் ரோட்டில் கோவிந்தசாமியின் டிங்கர் பட்டறை. வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பாலாடையில் குத்துவதுபோல் இறங்குகிறது. பின்பக்கத் தரை முழுக்கப் போய்விட்டது, அறுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், சேசிஸ் மட்டும் தப்பித்தது என்றார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இது தானா ஆனது இல்ல சாரு. யாரோ அடச்சி, மேல தார் பூசி மறச்சிருக்காங்க" என்றார்.

அங்கேயே நின்று பழமலைக்குப் போன் போட்டேன். கத்திவிட்டேன். அப்பாவின் வண்டி என்ற ஆசையில் வந்தவனை இப்படி ஏமாற்றலாமா, வயசுக்கு இது அழகா என்றெல்லாம் கேட்டேன். "அந்த மேட்டுக்கு அடியில நான் கை வெச்சதே இல்ல சாரு" என்றார். பொய் சொல்லாதீங்க என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

லீவு போட்டுவிட்டு மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு முந்தி அந்தச் சாமிதான். களவு, ஏமாற்று, பாகத் தகராறு, எதுவானாலும் ஒரு தாளில் எழுதி வேலில் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குள் அவர் விசாரிப்பார்.

பழமலையின் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். கண்ணால் பார்க்காததைப் பெயர் போட்டு எழுதக் கை வரவில்லை. ஆகவே, "இந்த வண்டியின் துருவை மூடி மறைத்தவர் எவராயினும், அறிந்தும் சொல்லாமல் இருந்தவர் எவராயினும், அவரை விசாரித்துத் தண்டிக்க வேண்டியது" என்று எழுதினேன். எழுதிமுடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. ஓட்டையில்லாத வாசகம்.

பிப்ரவரி 8

கோவிந்தசாமி தரையை அறுத்துவிட்டார். வந்து பாருங்க சாரு என்று கூப்பிட்டார்.

தாருக்கு அடியில் அடைத்திருந்தது டிங்கர்கள் வழக்கமாகப் பூசும் பட்டி இல்லை. வெள்ளையாக, கட்டி கட்டியாக, பிளாஸ்டர். பீங்கான் பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சுகளின் உடைந்த துண்டுகளை அடுக்கி, சந்தில் பிளாஸ்டரையே கரைத்து ஊற்றியிருக்கிறது. ஒரு துண்டில் பாதிப் பிள்ளையார், தும்பிக்கை உள்பக்கமாக. இன்னொன்றின் முதுகில் ஈரத்திலேயே பென்சிலால் கீறிய அச்சு நம்பர். 277. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் குறுக்குக்கோடு, கோட்டின் முனையில் ஒரு சின்னச் சுழி.

அப்படிப் போடும் ஏழு எனக்குத் தெரியும். என் நோட்டு அட்டைகளில் எல்லாம் அப்பா போட்டது அந்த ஏழுதான். அப்பா பொம்மைக் கம்பெனியில் முப்பது வருஷம் அச்சுப் பிரிவில் இருந்தார்.

துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9

அக்காவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"என்னப் பிரசவத்துக்குக் கூட்டியார அப்பா வந்தப்ப நல்ல மழ. கீழ ஓட்ட. மாசமா இருக்கிறவ வழி நெடுக காலத் தூக்கிக்கிட்டா வர முடியும்? மொத நாளே கம்பெனில ஒடஞ்ச அச்செல்லாம் அள்ளியாந்து அடச்சிட்டாரு. அச்சு தண்ணியக் குடிச்சிரும், ஒன் கால்ல ஒரு சொட்டு படாதும்மான்னாரு. படல குரு."

அச்சின் வேலையே அதுதான், களிமண் கூழிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது. வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்த மனுஷன். குடித்த தண்ணீரை அது இரும்பின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவில்லை அவருக்கு. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

காலைத் தூக்குவது சின்ன வயசு விளையாட்டாச்சே என்றேன்.

"வெளையாட்டா? அப்பவே அங்க ஓட்டடா. சாக்கு போட்டு வெச்சிருந்தாரு. நீ சின்னவன், ஒனக்கு வெளையாட்டு."

விற்கும்போது பழமலையிடம் சொன்னாரா என்று கேட்டேன். "சொல்லுங்கப்பான்னேன். நாளைக்குச் சொல்றேன்னாரு." போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10

மயிரிழை விரிசல் இருந்தாலும் பொம்மையை ஒதுக்கி வைத்துவிடுவார் அப்பா. சூளைக்காரர்கள் கெஞ்சினாலும் விடமாட்டார். அவரா?

வண்டியை விற்றபிறகு அவர் ஸ்ரீமுஷ்ணம் போகும்போதெல்லாம் கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் போகாமல் சுற்றித்தான் போனார். ஒருமுறை கேட்டேன். அந்த ரோடு மோசம் என்றார். நான் நம்பினேன்.

பிப்ரவரி 12

அப்படியானால் என் பிராது யார் மேல்? எவராயினும், எவராயினும் என்று இரண்டுதரம் எழுதினேனே, படித்த முட்டாள். செத்துப்போன அப்பா மேல் கட்டியிருக்கிறேன். தெரிந்தும் சொல்லாத அக்கா மேலும் கட்டியிருக்கிறேன். இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றால், கட்டும்போது இருந்ததைவிட இப்போது கூடுதலாக இருக்கிறது.

பிராதைத் திரும்பப் பெறலாம். அதற்கு அங்கே ராஜினாமா என்று பெயர். நான் மட்டும் சத்தமில்லாமல் போய் முடித்துவிட்டால் அப்பா பெயர் அப்படியே இருக்கும். ஆனால் பழமலை? பொய்யன் என்று பட்டறை கேட்கக் கத்தினேனே?

பிப்ரவரி 14

அவரிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா என்று மோகனப்பிரியா கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

பிப்ரவரி 15

பஸ்ஸில் போனேன். அச்சுத் துண்டையும் எடுத்துப்போனேன். பழமலை மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை அவர் கையில் கொடுத்து முழுக்கச் சொன்னேன். மழை, அக்கா, அச்சு, நாளைக்குச் சொல்றேன் என்றது, பிராது, எல்லாம். அப்பாவுக்காகவும் எனக்காகவும் மன்னிப்புக் கேட்டேன்.

கண் சரியாகத் தெரியாததால் கட்டைவிரலால் அந்த ஏழு நம்பரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒங்க அப்பாகிட்ட வாங்கினா அடியில பாக்க வேணாம்னு இங்க எல்லாரும் சொன்னாங்க. அதான் பாக்கல."

இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணுங்க ரெண்டும் அதுலதான் சாரு ஸ்கூலுக்குப் போச்சுங்க. எந்த மழைக்கும் கால் நனஞ்சதில்ல. அது வரைக்கும் அவரு போட்டது நின்னுது." பிறகு, என்னை மனசில் வைத்துப் பிராது போட்டதுதான் பொறுக்கவில்லை, கேட்டிருந்தால் வண்டியையே திருப்பி எடுத்துக்கொண்டிருப்பேனே என்றார். நியாயம்.

வேட்டியை உதறிக்கொண்டு அவரே எழுந்து, "எழுந்திரிங்க. அவரு பேர்ல அது தொங்க வேணாம். போயி அவுத்துட்டு வந்துருவோம்" என்றார்.

இரண்டு பேருமாகப் போனோம். ராஜினாமா எழுதும்போது காரணம் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குள் ராசி ஆகிவிட்டது என்று பழமலை சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பழமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 2

புதுத் தகடு வைத்தாகிவிட்டது. துரு பிடிக்காமலிருக்க இரண்டு கோட்டு ரெட் ஆக்சைடு பெயின்ட். பிளாஸ்டர் ஒரு சிட்டிகை இல்லை, நானே குனிந்து பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மார்ச் 12, மாசி மகம்

விடிவதற்குள் சிதம்பரம் போய் அக்காவை ஏற்றிக்கொண்டேன். வலது ஜன்னலிலேயே உட்கார்ந்தாள். கருவேப்பிலங்குறிச்சி வழியாகவே வந்தேன், பழமலையையும் தீர்த்தவாரிக்குக் கூட்டிவர. வேட்டி சட்டையோடு ரோட்டில் நின்றிருந்தார். அக்கா இறங்கிக் கும்பிட்டாள், அவளும் ஏதோ சொன்னாள். நான் ஹாரன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் நெருங்கும்போது, நேற்றுப் பெய்த மழை ரோட்டை அடைத்துக் குளமாக நின்றது. "தண்ணி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். வலிக்கிற முட்டியோடு அக்கா இரண்டு காலையும் தூக்கி, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அடியில் அடிக்கிற சத்தம் கேட்டது. தாண்டியபிறகு ஒவ்வொரு காலாகக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தகட்டை அழுத்திப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குதுடா" என்றாள்.