தாய்வீட்டில் பிறந்தவன்

1970 பிப்ரவரி 3

நான் சொல்லச் சொல்ல மருமகள் அம்சவேணி எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுத்தான். அவளுக்கு இது அஞ்சாம் மாசம், தறியில் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். சிலோனிலிருந்து தந்தி வந்தது. கப்பல் ஏற உத்தரவு கிடைத்துவிட்டதாம். பதுளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் மகள் கங்கையம்மாள் வருகிறாள், அவள் புருஷன் பரமசிவம், பிள்ளைகள் நாலு பேர். அவள் முகத்தைப் பார்த்து இருபத்துநாலு வருஷம் ஆகுது.

பிப்ரவரி 8

தெருமுனையில் கூட்டம். நெசவாளர் சங்கத் தலைவர் தனசேகரன் தெருவுக்குக் குறுக்கே எழுத்துப் போட்ட துணி கட்டியிருந்தார். 'தாயகம் திரும்பும் சொந்தங்களே வருக' என்று அம்சவேணி படித்துச் சொன்னாள். மைக்கில் தலைவர் பேசினார்: "கடலுக்கு அந்தாண்ட இந்தாண்ட எல்லாம் மனுஷன் கிழிச்ச கோடு. உலகமே ஒரே குடும்பம்." கை வலிக்கத் தட்டினேன். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

பிப்ரவரி 19

ஒருத்தன்தான் இறங்கினான்.

பிப்ரவரி 20

நேற்று ரயில் நின்றதும் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கினே போனேன், கங்கை கங்கை என்று கூப்பிட்டுக்கினு. தகரப்பெட்டியோடு நெட்டையாக ஒரு ஆள் வந்து நின்றான்.

"தாத்தா, நான் குமாரவேல்."

மூத்த பேரன். கைக்குழந்தையாகப் பார்த்தது.

"அம்மா எங்கடா?"

"அவங்களுக்கு வர ஏலாது, தாத்தா."

அப்போதும் எனக்குப் புரியவில்லை, பின்னாடி பெட்டியை எட்டிப் பார்த்தேன்.

ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டதாம். பரமசிவம் அங்கே பிறந்தவர். அவரோடு கங்கையும் சின்னதுகள் மூணும் அந்த நாட்டுக்கு. குமாரவேல் பிறந்தது இங்கே, முசரவாக்கத்தில். "உன் நாட்டுக்குத் திரும்பிப் போ" என்றானாம் அதிகாரி.

இங்கே எப்படிப் பிறந்தான்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று வெள்ளைக்காரன் காலத்தில் நான்தான் கப்பல் ஏறிப் போய்க் கூட்டிவந்தேன். பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் கொண்டுபோய் விட்டேன். ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே. அதுக்கா? அதுக்காடா பெத்தவளையும் புள்ளையையும் பிரிப்பானுங்க?

பிப்ரவரி 21

பின்கட்டு அறையில் ஒரு பாயை மட்டும் விட்டுவிட்டு மத்த பாயெல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டேன்.

மார்ச் 2

உடம்பையும் கரையையும் வேற வேற நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் பக்கத்தில் ஒரு ஆள் வேணும், கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிவிட. என் மகன் பக்கத்தில் குமாரவேலை உட்கார வைக்கலாம் என்று தலைவரிடம் கேட்டேன்.

"சிலோன்காரனையெல்லாம் தறிகிட்ட சேர்த்தா நம்ம பசங்க எங்க போவாங்க, பெரியவரே?"

"மைக்குல குடும்பம்னியேபா."

"அது மைக்குபா."

சிரித்துக்கினே சொல்கிறார். அவர் தலைக்கு மேலேயே அந்தத் துணி ஆடுது.

மார்ச் 9

குமாரவேல் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். "அங்க கள்ளத்தோணின்னானுங்க, இங்க சிலோன்காரன். பேரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு தாத்தா" என்றான். கங்கை இனி என்னைப் பார்க்க வரணும்னா பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் வேணுமாம். முசரவாக்கத்துல பொறந்த பொண்ணுக்கு, பெத்த அப்பனைப் பார்க்க.

ஏப்ரல் 5

அம்சவேணிக்கு ஏழாம் மாசம். ஆந்திராவில் நகரியிலிருந்து அவள் அம்மா லோகாம்பாள் வளையலும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தாள், தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக. வளையல் போட்டாயிற்று. சாப்பாடு ஆயிற்று.

"பிரசவம் இங்கேயே நடக்கட்டும்" என்றேன்.

லோகாம்பாள் முகம் சுண்டிப்போயிற்று. அம்சவேணி சிரித்துவிட்டாள். "என்ன மாமா, நகரி என்ன வெளிநாடா?"

"அன்னிக்குப் பதுளையும் வெளிநாடு இல்லம்மா."

இப்போது இதைச் சொல்லும்போது அவள் கை நின்றுவிட்டது. எழுதினாளா, விட்டுவிட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்?

லோகாம்பாள் சாயங்கால பஸ்ஸில் போனாள். தனியாகத்தான்.