கொய்யா மரத்துக் கேமராவும் நானும்

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். பழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை இது, முழங்கால், இடுப்பு, மூளை மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் சுகம்தானே. கொஞ்ச நாளாகத் தோட்டத்துப் படம் ஒன்றும் உன் போனுக்கு வரவில்லையே என்று பதறிக்கொண்டிருப்பாய். பதறாதே. கேமரா கெட்டுப்போகவில்லை, அதிலிருந்த சிம்மை நான்தான் கழற்றிச் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். நீயும் அண்ணனும் பேசி முடிவு பண்ணியபடி நான் அவன் வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை, கிளம்பப் போவதும் இல்லை. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் அழுவாய், நீ அழுதால் எனக்கு வாய் அடைத்துப்போகும், சரி சரி என்று எதற்காவது தலையாட்டிவிடுவேன். கடிதத்தில் நீ எவ்வளவு அழுதாலும் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவேன்.

முதலில் நடந்ததைக் கேள். என் சர்க்கரைவள்ளிப் பாத்தியை ராத்திரியில் ஏதோ தோண்டிவிட்டுப் போகிறது என்று நான் சொன்னபோது உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா, "நீயே தோண்டிட்டு மறந்திருப்பேம்மா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீ ஒருத்திதான் என் பேச்சை நம்பி, எது அசைந்தாலும் தானே படம் எடுத்து உன் போனுக்குத் தள்ளும் அந்தக் கேமராவை அனுப்பினாய், மாப்பிள்ளையும் பொறுமையாக வீடியோவில் ஒவ்வொரு பொத்தானாகக் காட்டிக் கொடுத்தார், அதை நான் மறக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் அதை நெஞ்சு உயரத்துக்குக் கட்டித் தொலைத்தேன். வந்த படம் எல்லாம் கொடியில் ஆடும் என் நைட்டியும் துண்டும்தான். உனக்கும் அதுதான் வந்துகொண்டிருந்தது, "அம்மா, உன் துண்டு நல்லா இருக்கு" என்று கேலி வேறு பண்ணினாய். அதனால் கொய்யா மரத்தில் முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். கட்டினால் போதாது, சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். பொத்தானைச் சோதனைப் பக்கம் தள்ளிவிட்டு எதிரே போனால் சிவப்பு விளக்கு மினுக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நிமிர்ந்து நடந்தால் எனக்கு மினுக்கும், அந்தப் பிராணிக்கு மினுக்குமா? ஆகவே இருட்டியதும் பின்சுவரில் இருக்கும் ஓட்டையிலிருந்து பாத்தி வரைக்கும் நான் நாலு காலில் தவழ்ந்து போனேன். புல் மறைக்கிறதா என்று பார்க்கக் கடைசியில் குப்புறப் படுத்தும் பார்த்தேன். விளக்கு மினுக்கவே இல்லை. என்னடா இது என்று எழுந்து வந்து பார்த்தால் பொத்தான் சோதனையைத் தாண்டி, படம் எடுக்கும் இடத்தில் போய் நிற்கிறது. சீ போ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டு, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அங்கே உனக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் நானும் பார்த்தேன். சாம்பல் நிறப் புல், அதில் தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை நாலு காலில் வருகிறாள், மூக்குக்கண்ணாடியின் இரண்டு வட்டமும் வெள்ளையாகப் பளபளக்கிறது. அடுத்த படத்தில் வாயைத் திறந்திருக்கிறாள், அது நான் முணுமுணுத்தது. கடைசிப் படத்தில் குப்புறக் கிடக்கிறாள். அதற்குப் பிறகு படமே இல்லை. உனக்குக் கையும் ஓடியிருக்காது காலும் ஓடியிருக்காது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அண்ணனைக் கூப்பிட, அண்ணன் எதிர் வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட, அந்த மனுஷன் வாசல் பக்கம் மணி இருப்பதையே மறந்து பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார். குதித்தது நேராக என் பாத்தியில். அந்தப் பிராணி ஒரு மாதமாகத் தோண்டியதை அவர் ஒரே குதியில் முடித்துவிட்டார். கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே வந்து சமையலறை ஜன்னலில் டார்ச் அடித்து "அக்கா, உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்கிறார், நான் கையில் தட்டோடு "நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு ஐஸ் வைத்துக் கட்டுப் போட்டு அனுப்பியது நான்தான். அவர் குதித்ததைப் படம் எடுக்கக் கேமரா ஓடவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விடியும்போது உன் அண்ணன் வந்து இறங்கினான். கையில் எனக்கென்று காலிப் பெட்டி, போனில் வீட்டு புரோக்கர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவன் ஏழாவது மாடிக்கு நான் போக வேண்டுமாம். தவழ்ந்தது எதற்கு என்று சொன்னேன், கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பாவம் அம்மா ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள் என்ற முகம். சரி, இன்றைக்கு இங்கேயே தங்கு என்றேன். சிம்மைக் கழற்றிவிட்டு, பொத்தானைச் சரியாக வைத்தேன். மறுநாள் காலையில் அவனையே கேமராவில் இருக்கும் குட்டித் திரையைப் பார்க்கச் சொன்னேன். முள்ளம்பன்றி! ஆணும் பெண்ணும் முன்னால், குட்டி பின்னால், நான் தவழ்ந்த அதே வழியில். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவன் என்ன சொன்னான் தெரியுமா, "சரிம்மா, முள்ளம்பன்றிதான். அதுக்காக உன்னைத் தனியா விட முடியுமா?" என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவனுக்குச் சாட்சி தேவைப்படவே இல்லை. எதைக் காட்டினாலும் முடிவு ஒன்றுதான் என்றால் நான் எதற்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்? வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒற்றைக் காலில் நின்றான், நான் இரண்டு காலிலும் நின்றேன். புரோக்கர் வந்தார், இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அவன் கொண்டுவந்த பெட்டியில் மிஞ்சிய கிழங்கை எல்லாம் நிரப்பி உன் அண்ணிக்கென்று கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான், கிழங்கை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

சிட்டு, நான் பாதி ஆயுள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். எலும்பு உடைந்திருப்பது படத்தில் தெரியும், எப்படி உடைந்தது என்று படுத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். படுத்திருந்தவள் நான். அண்ணனைக் கூப்பிட்டாய், மாப்பிள்ளையை எழுப்பினாய், எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தேடியிருக்கிறாய். என்னைக் கூப்பிடவில்லை. என் போன் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மணி அடித்திருந்தால் எடுத்திருப்பேன், உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன், நீயும் சிரித்திருப்பாய். எனக்குக் கோபம் அண்ணன் மேல், வருத்தம் உன் மேல். கோபம் போய்விடும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். விழலாம். ஏழாவது மாடியிலும் தரை இருக்கிறது. விழுந்தால் எழுந்திருப்பேன், முடியாவிட்டால் கத்துவேன், எதிர் வீட்டுக்காரர் எப்படியும் சுவர் ஏறிக் குதிப்பார். குளியலறையில் பிடிமானக் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன், தச்சர் நாளைக்கு வருகிறார், இனிமேல் பகலில் மட்டும்தான் தவழ்வேன். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

குழந்தைக்கு முள்ளம்பன்றிக் குட்டியின் படத்தை அச்சுப்போட்டு இதோடு வைத்திருக்கிறேன், என் படத்தை வைக்கவில்லை, அது உன்னிடமே இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி வேலையைக் குறை. நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். சிம்மைத் திரும்பப் போட எனக்கும் ஆசைதான், நீ பார்க்கிறாய் என்றால் எனக்கும் துணையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள், இதற்கு நீ சம்மதம் சொன்னால்தான் போடுவேன். இனிமேல் ஏதாவது படத்தில் நான் தரையில் கிடந்தால் முதலில் எனக்குப் போன் பண்ணு. நான் எடுத்தால் நன்றாகத் திட்டு. எடுக்காவிட்டால் அண்ணனைக் கூப்பிடு, பல் டாக்டரைக் கூப்பிடு, ஊரையே கூப்பிடு. ஆனால் முதல் மணி எனக்கு அடிக்க வேண்டும்.

இந்த வீட்டிலேயே இருக்கும்,
உன் அம்மா