கூப்பிடாத பேர்

மார்ச் 28

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். முதுகுவலி தேவலையா? ஐந்து வருஷமாக வீட்டுப்பாட டைரிக்குள் செருகித்தான் உங்களுக்கு எழுதிவருகிறேன். இந்த முறை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். குருவி இப்போதெல்லாம் எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுகிறாள்.

வீட்டில் வாய் ஓயாத என் பெண், பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் வாயைத் திறக்கமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர், "பயம்தான், நெருக்காதீங்க" என்றார். நீங்களும் நெருக்கவில்லை. அட்டெண்டன்ஸுக்குக் கையைத் தூக்கினால் போதும் என்று விட்டீர்கள். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

இப்போது கடைசி நாளை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளை நீங்கள் கடைசியாக ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். ஒவ்வொருத்தரும் எழுந்து, "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுவார்கள். போன வருஷம் பார்த்தேனே, பெற்றவர்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அத்தனை பேர் முன்னால் இவள் திருதிருவென்று நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அன்றைக்கு மட்டும் அவள் பேரை விட்டுவிடுங்கள். அவளுக்குத் தெரியவேண்டாம்.

ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அரைமணி நேரம். "தண்ணி என்ன சும்மாவா வருது?" என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

குருவியின் அம்மா

மார்ச் 30

அன்புள்ள குருவியின் அம்மாவுக்கு,

முதுகு அப்படியேதான். நானும் நாற்காலியும் சேர்ந்து கிறீச்சிடுகிறோம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மனசு ஒப்பவில்லை. அவள் கையைத் தூக்கிவிட்டே போகட்டுமே, யார் என்ன சொல்லப்போகிறார்கள்? வகுப்பில் இருப்பதே பதினோரு பேர். மற்ற பத்துப் பேரும் அவளுக்காகச் சண்டைக்கு நிற்பவர்கள். எங்கள் வகுப்பு வாயாடி இருக்கிறாளே, நேற்று வந்து, "அவ சொல்லலன்னா, அவளுக்கும் சேத்து நானே ரெண்டு தடவ சொல்லிடட்டா டீச்சர்?" என்கிறாள்.

ஆனாலும் பெற்றவர் நீங்கள். யோசித்து எழுதுங்கள். சொன்னபடி செய்கிறேன்.

டீச்சர்

மார்ச் 31

டீச்சர், யோசித்துவிட்டேன். அந்த வாயாடி அப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன். விட்டுவிடுங்கள். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

குருவியின் அம்மா

ஏப்ரல் 12

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று நீங்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு ரிஜிஸ்டரை மூடியதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன். இவள் தானாகவே எழுந்து, பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நீங்களும் பார்த்தீர்கள். நான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "டீச்சர் என் பேர மறந்துட்டாங்களாம்மா?"

"இல்லடி, நேரமாயிடுச்சுல்ல..."

"நான் சொல்லியிருப்பேன்மா. தினமும் குழாயத் திறந்துவிட்டு சத்தமா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். உனக்குக் கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை டீச்சர். எனக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

இன்னும் ஒருமுறை கூப்பிட முடியுமா? யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லீவு விட்டாயிற்று என்று தெரியும். சாவி உங்களிடம்தானே இருக்கும்? சனிக்கிழமை காலையில் அழைத்துவருகிறேன். இதை நேரில் கேட்க எனக்கு முகமில்லை.

குருவியின் அம்மா

ஏப்ரல் 18

அன்புள்ள குருவியின் அம்மாவுக்கு,

சனிக்கிழமை நடந்ததை நீங்கள் வாசலில் நின்று பாதிதான் பார்த்திருப்பீர்கள். ரிஜிஸ்டரைப் பிரித்து அவள் பேரைக் கூப்பிட்டேன். ஐந்து வருஷம் கூப்பிட்ட அதே குரலில்தான் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காலிப் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் பிடிவாதமாக மறுத்திருக்கவேண்டும். அவளால் முடியாது என்று உள்ளுக்குள் நானும் நினைத்ததால்தானே சரி என்றேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் சொல்லித்தான் விட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். டீச்சர் மறந்துவிட்டாள் என்றே இருக்கட்டும். என்னை அவள் இனிமேல் பார்க்கப்போவதில்லை. உங்களோடுதான் அவள் இருந்தாகவேண்டும்.

புதுப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு பென்சில் பெட்டி வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

டீச்சர்

ஜூன் 9

அன்புள்ள டீச்சருக்கு,

பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பே ஏழு பிரிவு. அட்டெண்டன்ஸுக்கு நம்பர்தான், பேர் இல்லை. இவளுக்கு முப்பத்தெட்டு. கையைத் தூக்கினால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஐந்து நாளாக ஆப்சென்ட் என்று போட்டு அனுப்புகிறார்கள், இவள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது.

பென்சில் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கிறது. "மறந்தவங்க குடுத்தது எனக்கு வேணாம்" என்றுவிட்டாள். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

நேற்று தலை பின்னும்போது சொன்னாள்: "நீ மட்டுந்தான்மா என்ன எப்பவும் மறக்க மாட்ட."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் டீச்சர். வரவில்லை. இத்தனை வருஷமாக உங்கள் வகுப்பில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த உறையை நான் ஒட்டப்போவதில்லை. போகிற வழியில் தபால் பெட்டியில் போடு என்று அவள் கையில் கொடுக்கப்போகிறேன். இது உங்களுக்கு வந்து சேருமா, தெரியாது.

குருவி, இவ்வளவு தூரம் படித்துவிட்டாயா? டீச்சர் உன் பேரை மறக்கவில்லை. உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அம்மா