நீல நூல் கட்டிய கவர்கள்

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் ஷெட் வேலையாள் தெய்வசிகாமணி கூரைமேல் சோலார் பேனல்களைத் துடைத்தான். வாளித் தண்ணீர் கறுப்பாக வழிந்தது. நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து காற்றடித்தால் இரண்டே நாளில் மறுபடி படிந்துவிடும். துடைத்தாலும் வெயில் கரண்டில் பிளாஸ்டிக் அரவை மெஷின் மட்டும்தான் ஓடும். உருக்கும் மெஷினுக்கு ஈ.பி. கரண்ட். கேட்டில் நான் எழுதி வைத்திருப்பதோ ‘முழுக்கச் சூரிய சக்தி’.

“சூரியன் அரைக்குது, நிலக்கரி உருக்குது. கேட்டுல அது பேரையும் போடுங்க பாய், கோவிச்சிக்கப் போவுது” என்றான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 19, சனி

மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் பழைய பிளாஸ்டிக் எடுக்கப் போனேன். கஸ்தூரியம்மாள் வீட்டுக் கொடியில் துணிக்கு நடுவே சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் கிளிப் போட்டுக் காய்ந்தன.

“அரிசி களைஞ்ச தண்ணியில அலசுனா எண்ணெப் பிசுக்கு போயிடுதுங்க பாய். தெருவுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்.”

குறிஞ்சிப்பாடி தறிக்காரர் வீட்டுப் பெண். பத்துப் பத்தாக மடித்து நீல நூலால் முடிச்சுப் போட்டுத் தருவார். “உங்களாலதான் நம்ம ஆலையே ஓடுதும்மா” என்றேன்.

உண்மை என்ன? பால் கவர் உருகும், உடைந்த வாளி உருகும். உள்ளே வெள்ளியாய் மினுங்கும் இந்தக் கவர் எதற்கும் ஆகாது. வாங்குவாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிரிக்கச் சொன்னால் சலித்துப்போய்ப் பால் கவரையும் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் வாங்கி, ஆகாததைக் காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு அனுப்புகிறேன். நன்றாக எரிகிறதாம்.

ஏப்ரல் 26

சூளைக்கு ஒரு லோடு.

மே 11, ஞாயிறு

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஷெட்டுக்கு வந்தார் கஸ்தூரியம்மாள். மகள் சங்கீதாவைக் காடாம்புலியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பேரனுக்கு இருமல் என்று பார்க்கப் போனாராம். சூளை அந்த வீட்டுக்குப் பின்னால். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும்?

பையிலிருந்து கவர்க் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரம் கருகிய கவர்கள். நீல நூல் கருகவில்லை.

“இது என் முடிச்சுதானே பாய்?”

“லோடுமேன் மாத்தி ஏத்திட்டான் போலம்மா” என்றேன். கூசாமல் வந்தது. இதை எழுதும்போதுதான் கூசுகிறது.

அவர் சத்தம் போடவில்லை. “எரிக்கத்தான்னா கழுவாமலே குடுத்திருப்போமே. தண்ணியாவது மிஞ்சியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 12

மனைவி பதுருன்னிசா, நான் சாப்பிடாமல் விட்ட தட்டைத் தள்ளி வைத்தாள். “பொய் சொல்லாம யாவாரம் ஏதுன்னு கேப்பீங்களே. இப்ப ஏன் தொண்டைல எறங்கல?”

சைக்கிளில் பழைய இரும்பு எடுத்த நாளில்கூடத் தராசில் கை வைத்ததில்லை. இது தராசைவிடக் கேவலம் இல்லையா?

மே 18, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கவர் உருகும், எது சூளைக்குப் போனது, லோடுமேன்மேல் போட்ட பழி உட்பட.

செயலாளர் மதிவாணன் கேட்டார்: “அப்ப அந்தச் சூரியன் போர்டு?”

“அது பாதிப் பொய் சார்.”

“பாதி நெசமாவது இருக்கே” என்றார் யாரோ. சிரித்தார்கள். கடைசி வரிசையில் கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை.

ஜூன் 2

வரத்து பாதியாகிவிட்டது. உருக்கும் மெஷினை நிறுத்திவிட்டேன். வெயில் இருக்கும் ஐந்தாறு மணி நேரம் மட்டும் அரைத்து, அரைத்ததை அப்படியே விற்கிறேன். விலை குறைவு. ஆனாலும் கரண்ட் பில் இல்லாததால் தொழில் தாக்குப்பிடிக்கும் போலிருக்கிறது. மழைக்காலம் வந்தால் தெரியும். போர்டை மாற்றி எழுதச் சொன்னேன்: ‘அரவை மட்டும் வெயிலில்.’ தெய்வசிகாமணிதான் ஏணியில் ஏறி எழுதினான்.

சூளைக்கு அனுப்பாத கவர் முப்பது மூட்டை மூலையில் கிடக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. எரிக்க மாட்டேன்.

ஜூன் 14, சனி

அந்தத் தெருவுக்குப் போனேன். கொடியில் துணி மட்டும் காய்ந்தது. கூப்பிடாமல் கேட்டருகே நின்றேன். பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய் வரவில்லை.

கஸ்தூரியம்மாள் வந்து ஒரு பையை நீட்டினார். பால் கவர்கள். கழுவியிருந்தார். கட்டவில்லை.